அடைக்கோழிக்குக் கீழ ஒரு பெட்ரோல் பம்ப்

எங்க வீட்டு வாசல்ல ஒரு ஜெர்மன் கார் நிக்குது. நான் வாங்கும்போதே அதுக்கு இருபது வயசு தாண்டிருச்சு. எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு கேட்டா எனக்கும் தெரியாது, காருக்கும் தெரியாது, மீட்டர்ல பாதி எழுத்து செத்துப்போச்சு. ஆனா தோல் சீட்டு, கதவுல பளபளன்னு மர வேலை, ஆறு சிலிண்டர் எஞ்சின். நான் ஹட்டன் டவுன்ல ஸ்கூல் வேன் ஓட்டுறவன். வேன் சம்பாதிக்கும், கார் உக்காந்து சாப்பிடும்னு என் பொஞ்சாதி சொல்லுவா. அதுல பொய் ஒண்ணும் இல்ல.

கல்ஃப்ல ஒரு அரபி வீட்ல ட்ரைவரா இருந்தப்ப இதே மாடல ஓட்டியிருக்கேன். கதவச் சாத்தினா 'டப்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தத்துலயே நான் விழுந்துட்டேன். ஊருக்குப் போனா இதுல ஒண்ணு வாங்காம விடுறதில்லன்னு முடிவு பண்ணினேன். புதுசு வாங்க நான் என்ன தொரையா? கண்டில ஒருத்தர் தோட்டத்துல மழையில நனைஞ்சுகிட்டு நின்னத வாங்கினேன். அன்னையிலிருந்து எனக்கு வேற வேலை இல்ல. தண்ணி டேங்க் வெடிக்கும், மாத்துவேன். குழாய் வெடிக்கும், மாத்துவேன். சாவியத் திருப்பினா முன்னால எல்லா லைட்டும் தீபாவளி மாதிரி எரியும், அதுல எது உண்மை, எது சும்மா மெரட்டுதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். டிக்கில எப்பவும் தண்ணிப் போத்தல் இருக்கும். ஜெர்மன் பாஷையில இருக்கிற வீடியோவ ஃபோன்ல போட்டு, ஒரு வார்த்தை புரியாம, கைய மட்டும் பாத்து வேலை செய்வேன். தெருவுல போறவன் எல்லாம், "என்னண்ணே, ஜெர்மன்காரர் எழும்பிட்டாரா?"ன்னு கேப்பான். எழும்பின அன்னைக்கு நான் கண்ணாடிய எறக்கிவிட்டு டவுன ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் வருவேன். கோவத்தையும் தீத்துக்கணும்ல.

எங்க அக்கா மகளுக்குக் கல்யாணம் வச்சாங்க. அவ பெரிய மனுஷியான நேரம் நான் கல்ஃப்ல இருந்தேன். தாய்மாமன் நான் நிக்க வேண்டிய எடத்துல ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் நின்னு அவளுக்குக் குடிசை போட்டுப் பச்சை ஓலை கட்டினான், நான் ஃபோன்ல பாத்துக்கிட்டு இருந்தேன். கல்யாணத்துல பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போய் மணவறையில உக்கார வைக்கிறதும் தாய்மாமன்தான். அதுக்கு மேல ஒரு பொண்ணுக்குத் தாய்மாமன் செய்ய வேண்டிய பெரிய காரியம் வேற இல்ல. கல்யாணப் பொண்ணு, எங்க பாப்பா, அவளும் ஒத்தக் கால்ல நின்னா. "நான் மாமா கார்லதான் கோயிலுக்குப் போவேன், வேற எதுலயும் ஏற மாட்டேன்"னா. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. ஊர் கேக்க வாக்குக் குடுத்துட்டேன்.

கல்யாண வாரம் பொறந்ததும் கார் செத்துச்சு. கொட்டகலைக்கிட்ட ஒரு வளைவுல எஞ்சின் ரெண்டு தடவை இருமிட்டு நின்னுது. பெட்ரோல் பம்ப். என் கூட்டாளி ஒருத்தன் ஹட்டன்ல கராஜ் வச்சிருக்கான், முஸ்லிம் பொடியன், ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவங்க. அவன் வாய் கொழும்பு வரைக்கும் போகும். "மச்சான், ஒரு நாள் வேலை"ன்னான். கொழும்புல பழைய கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி ஒரு பம்ப் எடுத்துப் போட்டான். அது மறுநாளே ஊமையாப் போச்சு. நல்லது வேணும்னா வெளிநாட்டுல இருந்து வரணுமாம், அதுக்குள்ள பாப்பா புள்ளையே பெத்துருவா. அக்கா ஃபோன்ல, "நீ வெட்டியா அலையாத தம்பி, பூ கட்டின வேன் ஒண்ணு டவுன்ல பேசியாச்சு"ன்னா. இவ்வளவு நாள் ஊரே சிரிச்சப்ப வராத வெக்கம் அன்னைக்குத்தான் வந்துச்சு.

அப்பத்தான் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுற ஒருத்தர் டீ குடிக்க வந்த எடத்துல சொன்னாரு: "பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துல லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால இதே மாதிரி கார் ஒண்ணு கெடக்கு தம்பி. கோழி அடையுது அதுல."

டீய வச்சுட்டு எந்திரிச்சோம். கூட்டாளியோட ஆட்டோவுல அந்த வளைவு ரோட்ட எப்பிடித் தாண்டினோம்னு எனக்கே தெரியாது. அந்த லயத்துக்குப் பின்னால போய்ப் பாத்தா, அதே கார். அதே மாடல், அதே கலர்கூட. எஞ்சின் இல்ல, டயர் இல்ல, பின் கண்ணாடி இல்ல. முன்ன இருந்த தோட்டத்துத் தொரை விட்டுட்டுப் போனதாம், கழட்ட முடிஞ்சதெல்லாம் கழட்டிட்டு மிச்சத்தக் கோழிக்கு விட்டிருக்காங்க. இந்த மாடல்ல பம்ப் பின் சீட்டுக்கு அடியில டேங்குக்குள்ள இருக்கும். சீட்டத் தூக்கினாத்தான் கழட்டலாம். அதனால யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. கதவத் தெறந்தேன். பின் சீட்டுல, சரியா பம்புக்கு மேல, ஒரு செவப்புக் கோழி புல்லு வச்சு அடைகாத்துக்கிட்டு என்னைய மொறச்சுது.

"கைய வச்சீங்க, தெரியும் சேதி"ன்னு பின்னால ஒரு கொரலு. கொழுந்துக் கூடையோட மலையிலிருந்து அப்பத்தான் எறங்கி வந்த ஒரு அக்கா. கார் அவுங்களோடது, கோழியும் அவுங்களோடது. நான் வெலை பேசினேன். கூட்டாளி மொத்தக் காரையும் வாங்கிக்கிறேன்னான். அந்தம்மா அசையல. "அடையில இருக்கிற கோழியக் கலைக்கப்படாது தம்பி. குஞ்சு பொரிச்சு எறங்கட்டும், அப்பறம் காரையே எடுத்துக்கங்க."

"அக்கா, அதுக்குள்ள எங்க அக்கா மக கல்யாணம் முடிஞ்சு மறுவீடும் முடிஞ்சுரும்"னேன். தாய்மாமன் நான், இந்த ஒரு காரியத்தையாச்சும் செய்யணும்னு உள்ளத உள்ளபடி சொன்னேன். அவுங்க கூடைய எறக்கி வச்சாங்க.

"பொழுதுசாயிற நேரம் அது ஒருக்கா எறங்கி வந்து குருணை கொத்தும், தண்ணி குடிக்கும், மண்ணுல பெரளும். அந்த நேரத்துல எடுக்க முடிஞ்சா எடுத்துக்கங்க. முட்டை ஒண்ணு ஒடஞ்சா ரெண்டு பேரும் இங்கயிருந்து நடந்து போக மாட்டீங்க."

கார்ப் பந்தயத்துல டயர் மாத்துறவன்கூட இப்பிடி அவசரப்பட்டிருக்க மாட்டான். கோழி எறங்கினதுதான் தாமதம், முட்டையோட சீட்டத் தாம்பாளம் தூக்குற மாதிரி தூக்கி, அந்த அக்கா வீட்ல இருந்து கொண்டுவந்த மேசை மேல வச்சோம். அடியில தகர மூடி, துரு புடிச்ச ஆணி. அதக் கழட்டி, குழாயக் கழட்டி, பம்ப இறுக்கிப் புடிச்சிருக்கிற வளையத்துல கைய வச்சா, அது அசையவே இல்ல. சுத்தியலால தட்டினாக் கோழி பயந்து ஓடிரும்னு அந்த அக்கா தட்ட விடல. கோழி தண்ணியக் குடிச்சிட்டுத் தலையத் தூக்கிப் பாத்துச்சு. "வருது, வருது, வைங்க"ன்னு அக்கா சொல்ல, சீட்டப் பழையபடி வச்சோம். கோழி ஏறி உக்காந்துச்சு. அன்னைக்கு வெறுங்கையோட திரும்பினோம். ஆனா துரு எளக்குற எண்ணெய வளையத்தச் சுத்தி ஊத்திட்டுத்தான் வந்தேன். ஆட்டோவுல வரும்போதே ரெண்டு பேருக்கும் மறுநாள் எப்ப விடியும்னு இருந்துச்சு.

மறுநாள் சீட்டத் தூக்கினோம், வளையத்துக்கு ஒரு கட்டையக் குடுத்து நான் முழு பலத்தோட நெம்பினேன். 'கிறீச்'னு திரும்பிச்சு. எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டேன். பம்ப வெளிய எடுக்கும்போது கூட்டாளி பாதி ஒடம்பு காருக்குள்ள, பாதி வெளிய. கோழி சீக்கிரமே சாப்பிட்டு முடிச்சிருச்சு போல. வந்து அவன் கெண்டைக்கால ஒரு கொத்து கொத்துச்சு பாருங்க. வாய் கொழும்பு வரைக்கும் போற மனுஷன் "உம்மா"ன்னு கத்திட்டான். அந்த அக்கா சிரிச்சு சிரிச்சுக் கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. சீட்டு பத்திரமா அதோட எடத்துக்குப் போச்சு, முட்டைக்கு ஒண்ணும் ஆகல.

பம்ப வீட்டு முற்றத்துல வச்சு ஆட்டோ பாட்டரியோட வயர அதுல தொட்டேன். சத்தமே இல்ல. திருப்பியும் தொட்டேன். ஒண்ணுமில்ல. எத்தனை வருஷம் சும்மா கெடந்ததோ, உள்ள இறுகிப் போயிருக்கும். கூட்டாளி காலத் தடவிக்கிட்டே, "வயர மாத்திக் குடு மச்சான், பின்பக்கமா ஒருக்கா சுத்தட்டும்"னான். மாத்தித் தொட்டேன், 'டக்'னுச்சு. திரும்பவும் நேராத் தொட்டேன். 'ம்ம்ம்ம்'னு ஓடிச்சு. எனக்குச் சந்தோசத்துல கண்ணு கலங்கிருச்சு, சொல்ல வெக்கமென்ன. அந்த அக்கா சல்லிக்காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. பின் கண்ணாடி இல்லாத எடத்துல மழை கோழி மேல ஊத்துதாம், அதுக்கு ஒரு தகரம் அடிச்சுக் குடுத்தாப் போதும்னாங்க. நல்ல தகரமாப் பாத்து அடிச்சுக் குடுத்துட்டு வந்தோம். அன்னைக்கு ராத்திரியே கராஜ்ல பம்ப என் காருக்குப் பூட்டினோம்.

கல்யாணத்தன்னைக்குக் காலையில காருக்கு மல்லிகைப்பூ கட்டி, சந்தனம் குங்குமம் வச்சு, கொத்மலைப் பக்கம் எங்க அக்கா இருக்கிற தோட்டத்துக்கு ஏத்திட்டேன். பூ கட்டின வேனும் அங்க வந்து நிக்குது, அக்கா கேன்சல் பண்ணவே இல்ல. லயத்துல இருந்து கோயிலுக்கு ரோடு கொஞ்சந்தான், ஆனா ஒரே ஏத்தம், குழி. கூட்டாளி சொல்லியிருந்தான்: "பழைய சாமான் மச்சான், சூடேறினா என்ன செய்யும்னு தெரியாது. போய்ச் சேந்தாலும் எஞ்சின நிப்பாட்டாத."

பாப்பா பட்டுச் சேலையோட பின் சீட்டுல ஏறினா. கதவச் சாத்தினேன், 'டப்'. ரோட்டு ரெண்டு பக்கமும் சனம். கார் குழியக் குழியாத் தாண்டி நிதானமா ஏறுது, எனக்குக் காது ரெண்டும் பின் சீட்டுக்கு அடியிலதான். கடைசி ஏத்தத்துல ஒரு செக்கன் எஞ்சின் கொரல் எறங்கிச்சு. எனக்கு உசுரு போய் வந்துச்சு. மிதிச்சேன். ஆறு சிலிண்டரும் சேந்து ஒரு உறுமு, கோயில் வாசல்ல மேளக்காரங்களே திரும்பிப் பாத்தாங்க.

நின்னதும் எனக்கு என்ன கிறுக்கோ, கூட்டாளி சொன்னத மறந்து சாவிய அணைச்சுட்டேன். அப்பத்தான் நெனப்பு வந்துச்சு, போனாப் போகுது, வந்து சேந்தாச்சு. எறங்கிப் போய்க் கதவத் தெறந்தேன். அக்கா ஆரத்தித் தட்டோட நிக்கிறா. பாப்பா எறங்கல. முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு, சின்னப் புள்ளையில ஊஞ்சல்ல இருந்து எறங்க மாட்டேன்னு நிப்பாளே, அதே சிரிப்பு.

"மாமா, நல்ல நேரத்துக்கு இன்னும் நேரம் இருக்குதானே? எனக்கு எறங்கவே மனசு வரல. ஒரு ரவுண்டு போவமா?"

அக்கா, "ரெண்டு பேருக்கும் பைத்தியமா புடிச்சிருக்கு? மாப்பிள்ளை உள்ள உக்காந்தாச்சு"ன்னு பல்லக் கடிச்சா. நான் கதவச் சாத்திட்டு முன்னால வந்து உக்காந்தேன். மனசுல அத்தனை சாமியையும் கும்பிட்டுச் சாவியத் திருப்பினேன். ஒரே திருப்புல புடிச்சிருச்சு.

கண்ணாடிய எறக்கிச் சொன்னேன்: "மாப்பிள்ளைய உக்காரச் சொல்லுக்கா. தாய்மாமன் பொண்ணக் கூட்டிக்கிட்டு வராம இங்க எவன் தாலி கட்டுறான்னு பாப்போம்."