மண்டூர்த் துறையில் ஜப்பான் சீட்டு

2005 மார்ச் 12, சனி. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, சவரம் செய்து, புறப்பட்டேன்.

மண்டூர்த் துறையில் படகுக்குக் காத்திருக்கும் நால்வர் சீட்டாடுகிறார்கள். அவர்களுடைய இஸ்பேட் ஜாக்கைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. நிவாரணமாக வந்த சட்டையின் பையில் கிடைத்த, பிள்ளைகள் சேகரித்து ஆடும் ஜப்பான் சீட்டு அதற்குப் பதிலாக இறங்குகிறது: பொன்னிற டிராகன். என் மகன் மூன்று வருடமாகத் தேடும் அபூர்வச் சீட்டு. அதன் சொந்த ஆட்ட விதிப்படி, வேறு இரண்டு சீட்டைப் பலிகொடுத்தால்தான் டிராகனை இறக்கலாம். இங்கே அதற்கு ஜாக்கின் முப்பது புள்ளி, அவ்வளவுதான்.

"புதுச் சீட்டுக்கட்டு ஒன்று தருகிறேன், இதைத் தருவீர்களா?" என்கிறேன்.

சீட்டைக் கலைக்கும் மீனவர் சிரிக்கிறார். "வேணாம் அண்ணன். இதிர முதுகு வேற நிறம். ஜாக் ஆருக்கிட்ட எண்டு எல்லாருக்கும் தெரியும். இது வந்த புறகு சண்டையே இல்ல."

"தெரிஞ்சும் நீ தோக்கிறாய், மச்சான்," என்கிறார் எதிரில் இருப்பவர்.

ஞாயிறு காலை முதல் வேலையாக ஊரில் இருக்கும் மகனுக்கு எழுதினேன்: சீட்டைக் கண்டேன். அது ஆட்டத்தில் இருக்கிறது.