அப்பாவுக்கு வாங்கிய பால்கோவா

சென்னையிலிருந்து நாங்கள் ஏறும் செங்கோட்டை ரயில் ராஜபாளையத்துக்கே போகும். இருந்தும் அதற்கு முந்தைய ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பால்கோவா வாங்குவதற்காக என் கணவர் பழக்கிவைத்த கிறுக்கு அது. ராஜபாளையத்தில் கிடைக்காதா என்று கேட்டால், "கிடைக்கும், ஆனா அது பால்கோவா இல்ல" என்பார். டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை, அந்தக் கிறுக்கை அவர் இல்லாமல் நானும் பிள்ளைகளும் மட்டும் செய்தோம். ஜூன் மாதம் வேலை முடிந்து வரும் வழியில் தாம்பரம் பக்கத்தில் பைக்கோடு விழுந்து அவர் இறந்துபோனார். அதற்குப் பின் வரும் முதல் கிறிஸ்துமஸ் இது.

ஸ்டேஷனுக்கு வெளியே நல்ல பனி. மார்கழி என்பதால் எங்கோ ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோக்காரர் நூறு கேட்டு, பிள்ளைகளைப் பார்த்து எண்பதுக்கு வந்தார். வழியில் கோபுரத்தின் மேல்பாதி பனியில் மறைந்திருந்தது. என் மகள் ஜெனி, எட்டு வயது, "கோபுரத்தக் காணோம்மா" என்றாள். 

கால் கிலோ பால்கோவா நூறு ரூபாய். மாமனாருக்கு ஒன்று கட்டச் சொன்னேன். மகன் ரூபன் என் சேலையைப் பிடித்து இழுத்தான். அவனுக்கு நாலு முடிந்து ஐந்து நடக்கிறது.

"இன்னொண்ணு தனியா. அது அப்பாவுக்கு."

கடைக்காரர் சிரித்தார். "அப்பா எங்கவே இருக்காரு?"

"ராஜபாளையத்துல. கிறிஸ்மஸ் தாத்தாவா இருக்காங்க."

"அடி சக்கை" என்று அவர் ஒரு விள்ளல் கூடவே எடுத்து அவன் கையில் வைத்தார். ஜெனி என்னைப் பார்த்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படிப் பார்க்கத் தெரியக் கூடாது. நான் இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் சபையார் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல்ஸில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு ஆடியது என் கணவர்தான். போன வருஷம் அந்த முகமூடியைப் பார்த்து ரூபன் அலறின அலறலில் தெருவே கூடிவிட்டது. அவர் அவனை அடுக்களைக்குள் தூக்கிக்கொண்டு போய் முகமூடியைக் கழற்றிக் காட்டினார். "உள்ள இருக்கறது அப்பாதான். யார்ட்டயும் சொல்லிராத, என்ன?" அன்றிலிருந்து பிள்ளைக்கு அது பெரிய ரகசியம். ஜூனில் அவர் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, சின்னவனுக்குக் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லி, அவனை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டோம். அப்பா எங்கே என்று கேட்டபோதெல்லாம் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம்: இயேசப்பாகிட்ட போயிட்டாங்க. டிசம்பர் முதல் ஞாயிறு, சண்டே கிளாஸில் டீச்சர், கிறிஸ்துமஸுக்கு இயேசப்பா எல்லார் வீட்டுக்கும் வருவார் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டான். இயேசப்பா வரும்போது அப்பாவும் கூட வருவார், வந்து வழக்கம்போல வேஷத்துக்குள் இருப்பார். இதில் அவன் மேல் என்ன குற்றம் சொல்வது? மூன்று வாரமாகத் திருத்த நினைத்து வாயைத் திறப்பேன். வராது.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், வலதுபக்கம் முழுக்க மலை. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ரூபன் மடியில் இருந்த பொட்டலத்தைத் தொட்டு, "எனக்கு இல்லையாய்யா?" என்றார்.

"இது எங்கப்பாவுக்கு."

"யப்பா, எம்புட்டுப் பாசம்! அவிய குடுத்துவச்சவிய" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் வெறும் கழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இறங்கும்வரை ஜெனியின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஸ்டார் தொங்கியது. மாமனார் வீட்டு வாசலில் மட்டும் பழைய ஆணிதான் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் முதல் வருஷம் ஸ்டார் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள், புதுத்துணி எடுக்க மாட்டார்கள். தெரிந்ததுதான். 

மாமா நூற்பு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகத்தான் பேசுவார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பொட்டலத்தை வாங்கியவர் அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தார். ரூபன் அன்று முழுக்க ஸ்டார் கேட்டு அழுதான். ஸ்டார் இல்லாவிட்டால் அப்பாவுக்கு வீடு தெரியாதாம்.

அவன் தூங்கியபின் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 

"கவலப்படாதம்மா. துக்க வீட்டுக்குக் கேரல்ஸ் வரமாட்டாவ. நாலு வீட்டுக்கு முன்னாலயே மேளத்த நிறுத்திட்டு, சத்தமில்லாமக் கடந்து போயிருவாவ. இந்த வருஷம் வேஷம் போடுறது செல்வின்தான். நம்ம வாசல்ல நிக்காமப் போயிருன்னு அவன்ட்டயும் சொல்லிட்டேன்."

செல்வின் என் கணவரோடு சின்ன வயதிலிருந்தே சுற்றியவர். மேளமில்லாமல் கடந்துபோனால் வேஷம் போட்டவரைப் பையன் பார்க்க மாட்டான் என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. இந்த வருஷம் தப்பித்தால் போதும், அடுத்த வருஷத்துக்குள் பிள்ளை மறந்துவிடுவான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என் மேலேயே கோபமும் வந்தது. யாரை மறக்கச் சொல்கிறேன்?

இருபத்துமூன்றாம் தேதி பகலெல்லாம் பக்கத்து வீடுகளிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்துகொண்டே இருந்தன. கொண்டுவந்தவர்கள் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் இத்தனை பலகாரம் எந்தக் கிறிஸ்துமஸுக்கும் சேர்ந்ததில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேளம் கேட்டது. பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து டி.வி.யைச் சத்தமாக வைத்தேன். ரூபனா கேட்பான்! பால்கோவாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு ஓடினான். ஜெனி பின்னாலேயே போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவும் நானும் கதவருகே நின்றோம். தெருமுனையில் பாட்டு, கைத்தட்டல், சிவப்பு அங்கியின் ஆட்டம். ஒவ்வொரு வீடாக வந்தார்கள். நாலு வீட்டுக்கு முன்னால் மேளம் நின்றது. பாட்டும் நின்றது.

"ஏம்மா நிறுத்திட்டாங்க?" என்றான் ரூபன்.

அவர்கள் மெல்ல நடந்து வந்தார்கள். பெட்ரோமாக்ஸ் மாதிரி வெளிச்சம் வீசிய பேட்டரி விளக்கை ஒருவர் தரைப்பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் வாசலுக்கு நேராக வந்ததும், நானும் மாமாவும் நினைத்துப் பார்க்காத ஒன்றைச் செல்வின் செய்தார். துக்க வீட்டைக் கடக்கும்போது தலைப்பாகையைக் கழற்றுவதுபோல, கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலை குனிந்தார். மரியாதைதான். செத்தவனுக்கு இதைவிட ஒரு சிநேகிதன் என்ன மரியாதை செய்துவிட முடியும்? ஆனால் வாசல்படியில் பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

ரூபன் சட்டையை விடுவித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். செல்வினின் வேர்த்த முகத்தை அண்ணாந்து பார்த்தான். அங்கியைத் தொட்டுப் பார்த்தான்.

"சித்தப்பா, இது எங்கப்பா டிரெஸ். எங்கப்பா எங்க?"

செல்வின் என்னைப் பார்த்தார். "மதினி..." என்றார்.  அப்படியே நடுத்தெருவில் அங்கியோடு உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் ஒருவர்கூட அசையவில்லை.

நான் போய் ரூபன் முன்னால் மண்டிபோட்டேன். இயேசப்பா பேச்சை இனி எடுக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

"அப்பா செத்துப்போயிட்டாங்க ராசா. ஜூன் மாசம் அடிபட்டாங்கல்ல, அன்னைக்கே. இனிமே வரமாட்டாங்க. எந்த டிரெஸ்லயும் வரமாட்டாங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டாங்க."

அவன் அழவில்லை. பொட்டலத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அழுதது ஜெனிதான். ஆறு மாதமாகத் தம்பிக்காக அடக்கிவைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. தெருவில் அடுத்த நாலு வீடு தாண்டியும் மேளம் கேட்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனைக்குப் பழைய துணியில் போனோம். எல்லாரும் கை குலுக்கினார்கள், யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. ரூபன் குடிலைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மாமா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நல்லதாப் போச்சும்மா." எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இருபத்தாறாம் தேதி மாலை ராஜபாளையத்தில் ரயிலேறினோம். செல்வின் வந்து பெட்டிகளை ஏற்றிவிட்டு, ரூபனிடம் பேச்சுக்கொடுக்கத் தைரியமில்லாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார். வண்டி நகர்ந்தபோது ரூபன்தான் அவருக்குக் கை காட்டினான்.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. பிளாட்பாரத்தில் கூடையோடு பால்கோவா விற்றுக்கொண்டு போனார்கள். சென்னையில் எங்கள் வீட்டு வாசலிலும் இந்த வருஷம் வெறும் ஆணிதான். அங்கே யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள், கடந்துபோகும்போது மேளத்தை நிறுத்த மாட்டார்கள். அது எனக்கு நிம்மதியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரூபன் பைக்குள் கைவிட்டு நசுங்கிப்போன பொட்டலத்தை எடுத்தான்.

"அம்மா, இத இனிமே நாம சாப்பிடலாமா?"

தலையாட்டினேன். ஜெனி வாங்கிப் பிரித்தாள். எங்கள் வீட்டில் எதையும் நாலாகப் பங்கு வைப்பது அவள் வேலை. கொஞ்சம் தயங்கி, மூன்றாக வைத்தாள்.

நாலு நாள் ஆகிவிட்டதால் லேசாகப் புளித்திருந்தது. ஒருவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தோம்.