பரிசு வாங்கிய கடற்கரையில் ஜூலிக்கு இடமில்லை

ஜூலி என் நாய். வயது ஒன்பது. சிறுநீரகம் இரண்டும் பழுது. "ஒரு மாதம், அதிகம் போனால் இரண்டு" என்று மதுரையில் கால்நடை மருத்துவர் சொன்ன மறுவாரம், 2015 ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை, அவளைக் காரில் ஏற்றினேன். அவள் பிறந்தது குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையில், கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தின் அடியில். நான் நாகர்கோவிலில் வேலை பார்த்த காலத்தில், அங்கே மீன் விற்கும் பிலோமினா அக்கா என் மீன்கூடையில் தூக்கி வைத்துத் தந்த குட்டி. சாவதற்குள் ஒருமுறை அவள் அந்தக் கடலில் கால் நனைக்க வேண்டும். பயணத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

காலை 4.30க்குக் கிளம்பினோம். பேருந்தில் நாயை ஏற்ற மாட்டார்கள். ரயிலில் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில் போட வேண்டும், நோயாளியை அப்படிப் போட மனம் வரவில்லை. எனவே வாடகைக் கார், போகவர 4,800 ரூபாய். நாகர்கோவில் வரை 245 கிலோமீட்டர். வழியில் ஜூலிக்காக மூன்று இடங்களில் நிறுத்தியும் 9.20க்கு வந்துவிட்டோம். அப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டேன். ஜூலி நான்கு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். 10.40க்குக் கடற்கரை வாசலில் இறங்கினோம்.

ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர் சொல்லி அதற்கு இன்னொரு பரிசு வாங்கித் தர எனக்கு விருப்பமில்லை. "சுத்தமான கடற்கரை" என்று பரிசு வாங்கியதை வாசலில் என் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டி நிறுத்த முப்பது ரூபாய், நுழைவுச்சீட்டு பத்து ரூபாய். இரண்டையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் காவலாளி வாயைத் திறந்தார்.

"சாரே, நாய உள்ள கொண்டு போவக்கூடாது."

"ஏன்?"

"பரிசு வாங்குன பீச்சாக்கும். போர்டப் பாக்கேலியா?"

பார்த்தேன். 'செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை.' பலகையின் காலடியில் பஜ்ஜித்தாள் மூன்று, குளிர்பானப் பாட்டில் இரண்டு. அதற்கு அப்பால் மணலில் சாணம் போட்டபடி ஒரு குதிரை போய்க்கொண்டிருந்தது. சவாரிக்கு ஐம்பது ரூபாய் என்பதால் குதிரைக்கு அனுமதி உண்டு போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடக்கவே தள்ளாடுகிற ஒரு நாய் இவர்களுடைய சுத்தத்தை என்ன செய்துவிடும்?

"இந்த விதியை யார் போட்டது? எழுத்தில் காட்டுங்கள்" என்றேன்.

"பப்ளிக் கம்ப்ளைண்டாக்கும் சாரே. புக்குல எழுதிக் கெடக்கு."

"எந்த மடையன் எழுதினான்?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

சத்தம் போட்டேன். கூட்டம் கூடியதுதான் மிச்சம். கடைசியில் கார் ஓட்டுநர்தான் வழி கண்டுபிடித்தார். கம்பிவேலி நானூறு மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேற்கே மீனவர்கள் வள்ளம் ஏற்றும் இடம். பரிசும் பலகையும் வேலிக்குள் மட்டும்தான். ஜூலியைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தேன். பதினான்கு கிலோ.

பிலோமினா அக்கா வள்ளத்து நிழலில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்ப்பதற்கு முன்பே அவளைப் பார்த்துவிட்டார். "ஏட்டி ஜூலி! நீயாட்டி?" என்று மீன் கையோடு எழுந்து வந்தார். ஜூலி வாலை ஆட்டினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரையில் வேறு ஒரு நாய்கூட இல்லை. இங்கே கரமடி வலை இழுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு பக்கம் கயிறு பிடித்து வலையைக் கரையேற்றியதும், விலைபோகாத பொடிமீனில் முதல் கை நாய்களுக்கு. பதிலுக்கு அவை வலைக்குவியல் மேலேயே படுத்துக்கொள்ளும், எலி அண்டாது.

"மத்த நாயெல்லாம் எங்கக்கா?"

"பரிசுக்குப் பாக்க ஆளு வருதுன்னு, அதுக்கு முந்தின வாரம் வண்டி வந்துது, மக்களே. பதினோரெண்ணத்த அள்ளிட்டுப் போனானுவ. இவளுக்க கூடப்பெறந்த கறுப்பனையும் சேத்து. எங்க கொண்டு விட்டானுவன்னு இண்ணைக்கு வரைக்கும் தெரியாது. இப்போ வலை பூரா எலி கடிச்சுக் கெடக்கு. எவனோ ஒருத்தன் புக்குல எழுதிப் போட்டானாம். அவன் நல்லாருப்பானா?"

"இருக்க மாட்டான்" என்றேன், மனதார.

ஜூலி மெல்ல நடந்து போய் அலை வந்து முடிகிற இடத்தில் படுத்துக்கொண்டாள். நுரை வயிற்றைத் தொட்டபோது கண்ணை மூடினாள். பதினொன்றரைக்கு வலை கரையேறியது. இழுத்தவர்களில் ஒருவர் குனிந்து ஒரு கை பொடிமீனை அள்ளி, நின்று, அவளைப் பார்த்து, அவள் முன்னால் போட்டார். ஜூலி இரண்டு மீன் தின்றாள். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல்.

ஒன்றரை மணிக்குக் கிளம்பியபோது கோபம் திரும்பி வந்தது. நேராக வாசலுக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டேன். நாய்களுக்காக ஒரு பக்கம் முழுக்க எழுதும் திட்டம். அந்த மடையன் யார் என்று பார்க்கப் பக்கங்களைப் புரட்டினேன்.

2012 மே. 'நாய்த்தொல்லை தாங்க முடியவில்லை. உடனே அப்புறப்படுத்தவும்.' 'உடனே' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு. மதுரை முகவரி. என் கையெழுத்து.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அலுவலக நண்பர்களோடு போயிருந்தபோது என் கையிலிருந்த பிரியாணிப் பொட்டலத்தை ஒரு கறுப்பு நாய் பிடுங்கிக்கொண்டு ஓடியதை இந்த வலைப்பூவிலேயே எழுதிச் சிரித்தோம். புத்தகத்தில் எழுதியதை நான் மறந்தே போயிருந்தேன். அவர்கள் மறக்கவில்லை. கீழே சிவப்பு மையில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது.'

பேனாவை எடுத்து என் புகாரை அடிக்கப் போனேன். காவலாளி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "எழுதுனத வெட்டக்கூடாது சாரே. ரூலாக்கும்."

நாயோடு போக நினைப்பவர்களுக்கு: சீட்டு வாங்கும் முன் பலகையைப் படியுங்கள். தடை எங்கே முடிகிறது என்று கேளுங்கள், பெரும்பாலும் வேலியோடு முடிந்துவிடும். மீனவர் பக்கம் போனால் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், கரமடிக் கயிற்றைத் தாண்டாதீர்கள், நாய் அசிங்கம் செய்தால் அள்ள உறை கொண்டு போங்கள். குடிதண்ணீர் அங்கே கிடைக்காது. புகார்ப் புத்தகம் கையில் கிடைத்தால், பசியும் கோபமும் அடங்கிய பிறகு எழுதுங்கள். அதை யாரும் படிப்பதில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

பிப்ரவரியில் ஜூலி போய்விட்டாள். பிலோமினா அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அழுதுவிட்டு, "அந்தப் புக்கப் பாத்தியளா மக்களே, எழுதுனவன் ஆருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். தெரியவில்லை அக்கா என்று சொல்லிவிட்டேன். அக்கா வலைப்பூ படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதியிருக்கிறேன்.