சுவரில் சாயக் கூடாது

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதாம் வருஷம் இருக்கும். போடியில ஒரு ஏலக்காய்க் கடையில காய் பொறுக்குற வேலை எனக்கு. மலையிலிருந்து ஜீப்புல வந்து இறங்குற காயைத் தரையில கொட்டி, பெருசு வேற, சின்னது வேற, வெடிச்சது வேறன்னு பிரிக்கணும். காலையில உட்கார்ந்தா சாயங்காலம்தான் எந்திரிக்கணும். அப்போ தலைச்சன் பிள்ளை வயித்துல, எட்டு மாசம்.

வயித்துப் பாரத்தைக்கூடத் தாங்கிக்கலாம். இந்த இடுப்பு இருக்கே! பிடிச்சா தொடை வழியா கால் வரைக்கும் சுண்டி இழுக்கும். மாமியார்கிட்ட சொன்னா, "குனிஞ்சு நிமிந்து சோலி பார்த்தாத்தான் சுகப்பிரசவம் ஆகும்"னு விளக்குமாத்தைக் கையில கொடுப்பாங்க. டாக்டர்கிட்ட போனோம். அந்த மனுஷன் என் முகத்தைக்கூடப் பார்க்கலை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "எங்கே வலிக்குதாம்?"னு கேட்டார். இவரும் பெரிய இவராட்டம் பதில் சொல்றார்! எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்னு டாக்டர் அனுப்பிட்டார். வலிக்கிறது எனக்கு, பேசுறது அவங்க ரெண்டு பேரும்.

கடையில சுவரோரமா சாஞ்சுக்கலாம்னா சூப்பர்வைசர் விடமாட்டார். சாஞ்சா தூங்கிருவோமாம். ஒரு நாள் மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன், முதுகு வெட்டி இழுத்துருச்சு. கையை ஊன்றி மெல்ல சுவர்ல சாஞ்சேன். "எந்திரிச்சு முன்னால வா. உலகத்துல நீ ஒருத்திதான் பிள்ளை பெக்கப் போறியா?"ன்னார், அத்தனை பேர் முன்னாலயும். அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கிட்டு வந்துச்சு. எதிர்த்துப் பேசினா சீட்டைக் கிழிச்சுருவார். பல்லைக் கடிச்சுக்கிட்டு நகர்ந்தேன்.

சிலமலையிலிருந்து வேலைக்கு வர்ற ஒரு அக்கா, அதுவரைக்கும் என்கூட நாலு வார்த்தை பேசினதில்லை. தன் முறத்தைத் தூக்கிட்டு வந்து எனக்குப் பின்னால முதுகோடு முதுகா உட்கார்ந்துட்டாங்க. "சாஞ்சுக்க ஆத்தா"ன்னாங்க. சூப்பர்வைசர் முறைச்சார். "என்னண்ணே, சுவர்லதானே சாயக் கூடாதுன்னீக? கை பாட்டுக்கு வேலை பார்க்குதுல்ல?" மனுஷன் அடுத்த வரிசைப் பக்கம் நகர்ந்துட்டார்.

அதுக்கப்புறம் தினமும் அந்த முதுகுதான் எனக்கு. பிரசவ வலியும் முதுகுலதான் வந்துச்சு. ஒருக்களிச்சுப் படுத்தா கொஞ்சம் தேவலைன்னு சொன்னேன், ஆஸ்பத்திரி நர்சம்மா காதுலயே வாங்கலை. மல்லாக்கப் படுன்னு ஒரே அதட்டல். எப்படியோ பிள்ளை நல்லபடியா பிறந்துச்சு.

மூணாவது வாரம் அந்த அக்கா பார்க்க வந்தாங்க. பாயை விரிச்சுப் போட்டேன். சட்டுனு உட்காரலை. கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு, மெல்ல மெல்ல இறங்கி உட்கார்றதுக்குள்ள முகமெல்லாம் வேர்த்துருச்சு. பதறிப்போய் என்னக்கான்னு கேட்டேன். ரெண்டாவது பிரசவத்துலயிருந்தே இடுப்பு அப்படித்தானாம். ஒம்பது வருஷமா!

"அப்புறம் ஏங்க்கா என்னையும் சேர்த்துத் தாங்குனீங்க?"

"ரெண்டு பேரும் வலிக்குதுன்னா யாரு முதுகுல யாரு ஆத்தா சாயுறது?"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

இன்னைக்கும் பிள்ளைத்தாச்சிப் பொண்ணுகிட்ட யாராவது, எல்லாருக்கும் வர்றதுதானேன்னு சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா அந்தக் கோபத்துல பாதி என்மேலதான். ஒரு மாசம் பூரா ஒருத்தி முதுகுல சாஞ்சிருந்தும், உங்களுக்கு வலிக்குதாக்கான்னு ஒரு தடவைகூட நான் கேட்கலையே.