நஜ்லாவின் இரண்டாவது மரண அறிவிப்பு

மேலே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பேய் பார்க்கப் போகிற பிள்ளைகள், இரும்புக் கேட்டுக்கு முன்னால் வந்ததும் ஒருமுறை அலறுவார்கள். பெய்ரூட்டிலிருந்து காரில் வருகிறவர்கள். கையில் செல்போன், வாயில் வீரம். கேட்டில் கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு ஒன்று ஒட்டியிருக்கும், பசைகூடக் காய்ந்திருக்காது. முப்பது வருஷமாக ஆளில்லாத கட்டடத்தில் நேற்றுச் செத்தது யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அதையும் படம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் உட்கார்ந்து, "பிரேசில்காரி பேய் நெசமாவே இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கிறது என்றுதான் நாங்கள் சொல்வோம். அப்படிச் சொன்னால் இன்னொரு காப்பி விற்கும்.

அந்தத் தாளை எழுதி ஒட்டுகிறவர் ரொட்டி அடுப்பு ஷுக்ரி. எண்பதைத் தாண்டிவிட்டார். கிறுக்குக் கிழவன் என்று எங்களில் பலர் சொல்லுவோம். எங்களைவிடத் தெளிவானவர் என்பது தெரிந்தேதான் சொல்லுவோம்.

லெபனான் மலையில் பிரேசிலுக்கு ஆள் அனுப்பாத வீடு கிடையாது. கடன்பட்டவன் போவான், காதலித்தவன் போவான், சும்மா இருந்தவனும் போவான். அதனால் 1956 கோடையில், "நஜ்லாவைச் சாவோ பாலோவுக்கு அத்தை வீட்டுக்குக் கப்பலேத்திட்டேன்" என்று ஷுக்ரி சொன்னபோது யாரும் சந்தேகப்படவில்லை. நஜ்லா அவர் தங்கை, பத்தொன்பது வயது, ஊரையே விலை பேசும் வாய். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாளே என்று பெண்களுக்குக் கோபம்தான் வந்தது.

நஜ்லா கப்பலைப் பார்த்ததேயில்லை. அவளுக்கு வலிப்பு வந்தது. முதல்முறை வீட்டுக்குள் வந்தது, மறைத்துவிட்டார்கள். இரண்டாம்முறை திராட்சைத் தோட்டத்தில் வந்தது, நல்லவேளை பக்கத்தில் யாருமில்லை. அப்பா இல்லாத வீடு. அவளுக்குக் கீழே கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். வலிப்பு ரத்தத்தில் ஓடும் என்று நம்பிய காலம் அது. அக்காவுக்கு வலிப்பு என்று தெரிந்தால் தங்கைகளின் வாசலை எவனும் மிதிக்க மாட்டான். இருபத்து நான்கு வயது ஷுக்ரி யோசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே பூசையில் இருந்தபோது, ரொட்டி சுமக்கும் கோவேறு கழுதையில் தங்கையை ஏற்றி மேலே கொண்டுபோய் விட்டுவிட்டார்.

மேலே என்றால் ஆஸ்பத்திரி. அதன் பெயரை எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. அடம்பிடிக்கிற பிள்ளையை "மேலே அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவோம், அவ்வளவுதான். வெளிநாட்டு தர்மசபை ஒன்று நடத்தியது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பைத்தியமே இல்லை என்று ஷுக்ரி பிற்பாடு சொல்வார். புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போக மறுத்த ஒருத்தி. காது கேட்காத, பேச்சு வராத ஒருவன். ஆப்பிள் தோட்டத்தில் பங்கு கொடுக்க அண்ணன்களுக்கு மனமில்லாததால் வந்து சேர்ந்த ஒருவன். முரண்டு பிடித்தால் கட்டிலோடு கட்டுவார்கள், ஐஸ் தண்ணீரில் முக்குவார்கள். நஜ்லாவின் தலையை முதல் வாரமே மொட்டையடித்து, துணி வெளுக்கும் அறையில் விட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போட்டது ஷுக்ரிதான். வாரத்தில் இரண்டு நாள் போவார். வெளுப்பறை முற்றத்தில் பத்து நிமிஷம் பேசலாம்.

"எப்போண்ணே கூட்டிட்டுப் போவே?"

"சின்னதுங்க ரெண்டுக்கும் கல்யாணம் ஆகட்டும்டி."

கல்யாணங்கள் ஆயின. பிறகு அந்தத் தங்கைகளுக்குப் பெண் குழந்தைகள் பிறந்தன. அவர்களுக்கும் ஒருநாள் கல்யாணம் ஆக வேண்டுமே. நஜ்லா கேட்பதை விட்டுவிட்டாள்.

கீழே ஊரில் வேறு தொல்லை. காலையில் ரொட்டி சுட மாவோடு ஷுக்ரியின் அடுப்படிக்கு வருகிற பெண்கள், "நஜ்லா லெட்டர் போட்டாளா?" என்று துளைத்தார்கள். அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. மாவு மில் அனுப்பிய ஏதோ ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஷுக்ரி ஒருநாள் வாசிக்க ஆரம்பித்தார். சௌக்கியம், அங்கே வெயில், அத்தை நல்லவள். அடுத்தமுறை மேலே போனபோது அதை வேடிக்கையாகத் தங்கையிடம் சொன்னார். நஜ்லா கையில் இருந்த ஈரப் போர்வையைக் கீழே போட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள்.

"அப்போ அங்கே நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து கடிதங்களைச் சொன்னது நஜ்லாதான். துணிக்கடை வைத்தாள். அந்தோனியோ என்று ஒருவனைக் கட்டிக்கொண்டாள். "மீசை வேணாம்ண்ணே, மூஞ்சியில குத்தும்." மூத்தது பெண், அடுத்தது ரொபேர்தோ. "அவன் சாப்பிடவே மாட்டான். தட்டைத் தூக்கிட்டுத் தெரு முழுக்க அவன் பின்னாலயே ஓடுறேன்னு சொல்லு." அடுப்படியில் பெண்கள் இதைக் கேட்டு உருகினார்கள். உம் தனூஸ் என்ற விதவை, ரொபேர்தோவுக்குப் பசி எடுக்க வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தியே ஏற்றினாள். பதினெட்டு வருஷம் இப்படிப் போனது. ஷுக்ரிக்கே சில நாள் அந்தத் துணிக்கடை கண்ணில் தெரியும். தான் செய்தது பாவமில்லை, தங்கைக்கு ஒரு வாழ்க்கை அமைத்துக் கொடுத்திருக்கிறோம் என்றுகூடத் தோன்றிவிடும்.

1974-இல், எங்கள் ஊரிலிருந்து போன ஜிர்யஸ் என்பவன் சாவோ பாலோவிலிருந்து எழுதினான். கோடைக்கு ஊருக்கு வருகிறானாம். அதற்கு முன் நஜ்லாவைத் தேடிப் பிடித்து, குழந்தைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு வருவானாம். நிஜமான அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷுக்ரி ஒரு வாரம் தூங்கவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். ஒன்பதும் தீர்ந்துபோயிருந்தது. அவர் நஜ்லாவைக் கொன்றுவிட்டார். காய்ச்சல், நான்கே நாள், அங்கேயே அடக்கம்.

மரண அறிவிப்பு அச்சாகி ஊரெங்கும் ஒட்டப்பட்டது. கணவர் அந்தோனியோ, பிள்ளைகள் இன்னார், "தாயகத்திலும் வெளிநாட்டிலும் உள்ள உறவினர் அனைவரும்". மூன்று நாள் மாதா கோயில் கூடத்தில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து சர்க்கரையில்லாத காப்பி குடித்தோம். எங்கள் பாதிரியார் அபூனா மிகாயீல் அவள் ஆத்துமாவுக்காகப் பூசை வைத்தார். சடங்கு முடிகிற நேரம் மேலே மத்தியான மணி அடித்தது. இப்போது அவள் வெளுத்த துணியை உதறிக் காயப்போடுவாள் என்று ஷுக்ரி நினைத்தார். எழுந்து எல்லோரிடமும் கைகுலுக்கினார்.

அதன்பிறகு முற்றத்துக்குப் போகும் தைரியம் அவருக்கு இல்லை. அவளோடு பேசும்போது எவன் கண்ணிலாவது பட்டால்? அதைவிட, "அங்கே நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டால் என்ன சொல்வது? ரொட்டியைக் கேட்டிலேயே காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

துக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். காட்டுக்கீரை பறிக்க ஆஸ்பத்திரி மதில் ஓரம் போன உம் தனூஸ், ஒற்றைச் செருப்போடு சதுக்கத்துக்கு ஓடிவந்தாள். வெளுப்பறை ஜன்னலில் நஜ்லா நின்றாளாம். "உம் தனூஸ், உன் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டாளாம். செத்தவள் கடல் தாண்டிச் சொந்த மலைக்கே வந்துவிட்டாள் என்று ஊர் நடுங்கியது. எல்லோரும் ஷுக்ரியைப் பார்த்தோம். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, "நானும் பார்த்தேன்" என்றார்.

அதோடு முடிந்தது. மேலே வெளிச்சம் தெரிந்தால் பேய், குரல் கேட்டால் பேய். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கக்கூட யாரும் போகவில்லை. அடுத்த வருஷம் நாட்டில் சண்டை தொடங்கியது. வெளிநாட்டு டாக்டர்கள் போய்விட்டார்கள். நர்சுகளும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ரொட்டி வாங்கக் காவலாளிகளே கீழே இறங்கி வர ஆரம்பித்தார்கள். ஜிர்யஸும் வரவேயில்லை. அவனுக்குப் பயந்துதானே ஷுக்ரி அவளைக் கொன்றது.

சண்டையின் ஒன்பதாவது குளிர்காலத்தில், மேலே மிச்சமிருந்த இரண்டு காவலாளிகளும் ரொட்டி வாங்க வருவதை நிறுத்தினார்கள். சாலையில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பனியும் இடுப்பளவு. எல்லோரையும் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று ஷுக்ரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏழாம் நாள் காலை, சரியாக ரொட்டி நேரத்துக்கு, மேலே தகரத் தட்டுகளைத் தட்டும் சத்தம் கேட்டது. நிறையத் தட்டுகள். மறுநாளும் கேட்டது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை சொன்னோம்.

மூன்றாம் நாள் அடுப்படியில் இருபது பேர் ரொட்டிக்கு நின்றிருந்தார்கள். மறுபடி தட்டுச் சத்தம் வந்தது. ஷுக்ரி ரொட்டித் துடுப்பைக் கீழே வைத்தார்.

"அது பேய் இல்லை. நஜ்லா சாகலை. மேலேதான் இருக்கா. இன்னும் ஜனங்க இருக்காங்க. பசியில தட்டுறாங்க. வாங்க, போவோம்."

கறிக்கடை ஹன்னா மெதுவாக அவர் தோளைத் தொட்டான்.

"உக்காருண்ணே. தண்ணி குடி. துக்கம் இத்தனை வருஷம் கழிச்சுத் தலைக்கு ஏறிடுச்சு."

"ஏறலைடா. அவ பிரேசிலுக்குப் போகவே இல்லை. வலிப்பு வந்துச்சு. நான்தான் கொண்டுபோய் விட்டேன். லெட்டர் எல்லாம் பொய். அந்தோனியோ பொய், ரொபேர்தோ பொய்."

"ரொபேர்தோவைப் பொய்னு சொல்லாதே," என்றாள் உம் தனூஸ். "அவனுக்காக நான் மெழுகுவர்த்தி ஏத்தியிருக்கேன்."

"நான் அவ துக்கத்துல காப்பி குடிச்சவன்," என்றான் இன்னொருவன். "செத்தவளை உசுரோட இருக்கான்னு சொல்றவனை என்ன செய்யணும்? இவனையும் மேலேதான் அனுப்பணும்."

சிலர் சிரித்தார்கள். ஷுக்ரி அழுதார், கெஞ்சினார், கத்தினார். கத்தக் கத்த அவர் பைத்தியம் என்று எங்களுக்கு உறுதியாகிக்கொண்டே போனது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான். வரிசையில் நின்றவர்களின் ரொட்டியையும் சேர்த்து இரண்டு மூட்டையாகக் கட்டி, அடுப்புக் கிளறும் இரும்புக் கோலையும் எடுத்துக்கொண்டு அவர் தனியாகப் பனியில் ஏறினார்.

கேட்டில் வெளியிலிருந்து பூட்டு தொங்கியது. கோலால் நெம்பி உடைத்தார். உள்ளே பதினாறு பேர் உயிரோடு இருந்தார்கள். ஏழு பேர் இல்லை. உயிரோடு இருந்தவர்கள் ரொட்டியைக் கண்டதும் பாயவில்லை, தட்டை நீட்டி வரிசையில் நின்றார்கள். இத்தனை வருஷத்தில் அங்கே படித்த பாடம் அது. நஜ்லா வெளுப்பறையில், போர்வைக் குவியலுக்குள் கிடந்தாள். நாற்பத்தேழு வயதுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மூச்சு கரகரத்தது. அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா. கப்பல்லயா வந்தே?"

ஷுக்ரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆமாம்மா. கப்பல்லதான்."

"ரொம்ப நாள் ஆச்சா?"

"ரொம்ப நாள் ஆயிடுச்சு."

அவள் கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்தார். நஜ்லா அதைச் சரிபாதியாகப் பிய்த்தாள். ஒரு பாதியைத் தின்றாள். இன்னொன்றைக் கம்பளிக்குள் மறைத்தாள்.

"அதையும் தின்னு."

"இது ரொபேர்தோவுக்கு. இன்னிக்கு எப்படியும் தின்ன வைக்கணும்."

முதுகில் கட்டிக்கொண்டு அவளை இறக்கினார். மத்தியானம் சதுக்கத்துக்கு வந்தபோது ஊரே ஜன்னலில் நின்றது. ஷுக்ரி வீடு வீடாகத் தட்டினார். "கம்பளி குடுங்க. மேலே இன்னும் பதினஞ்சு பேர்." கதவுகள் திறக்கவில்லை. செத்தவளைச் சுமந்துகொண்டு வருகிறவனுக்கு யார் திறப்பார்கள்? கடைசியில் உம் தனூஸின் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை நீண்டு வந்தது. நஜ்லாவின் கன்னத்தைத் தொட்டது, பிறகு நெற்றியை.

"சுடுது," என்றாள் உம் தனூஸ். தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "காய்ச்சல் கொதிக்குதுடா. பேய்க்குக் காய்ச்சல் அடிக்குமா? ஏறுங்கடா மேலே."

அதன்பிறகுதான் நாங்கள் ஏறினோம்.

நஜ்லா மூன்று நாள் இருந்தாள். உம் தனூஸ் பக்கத்திலேயே இருந்து, பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதையும் பேரன் பிறந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான்காம் நாள் அடக்கம். அபூனா மிகாயீல் அதே ஜெபத்தை அதே பெயருக்கு இரண்டாம் தடவை படித்தார். காப்பி கொடுத்தார்கள். ஆறுதல் வார்த்தைகளையெல்லாம் பத்து வருஷம் முன்பே சொல்லித் தீர்த்திருந்தோம்.

சண்டையில் அச்சகம் மூடிக் கிடந்தது. அறிவிப்பை ஷுக்ரி கையாலேயே எழுதி மாதா கோயில் கதவில் ஒட்டினார். மறுநாள் அதைக் காணவில்லை. கிழித்தது யார் என்று எங்களுக்குத் தெரியும். ஊரே சேர்ந்து கிழித்ததுபோலத்தான். அவர் மறுபடி எழுதினார், மறுபடி கிழிந்தது. பிறகு ஆஸ்பத்திரி கேட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே கிழிக்க ஆளில்லை. வெயிலில் வெளுக்க வெளுக்கப் புதிது எழுதி, இப்போதும் தடியை ஊன்றிக்கொண்டு ஏறுகிறார்.

படம் எடுக்கும் பிள்ளைகள் அலறுகிற அவசரத்தில் அதை முழுக்கப் படிப்பதில்லை. அதில் இருப்பது இவ்வளவுதான்: "நஜ்லா. இருபத்தெட்டு வருஷம் இந்த வீட்டில் இருந்தாள். பிரேசிலில் அவளுக்கு யாரும் இல்லை. இங்கே ஒரு அண்ணன் இருந்தான். பசித்தபோது தட்டைத் தட்டினாள். எங்கள் எல்லோருக்கும் கேட்டது."