பொருத்தம் மட்டும் பார்த்து வாங்கிய மதர்போர்ட்

கலஹாவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஓவர்க்ளொக் செய்து, அதாவது ப்ரொசெசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டு, கணினியின் வேகத்தைக் கூட்டலாம் என்று, மலிவாக அதற்கேற்ற ப்ரொசெசர் ஒன்றைத் தெரிவு செய்தேன். கண்டிக் கடையில், "இதுக்கு இந்த மதர்போர்ட் பொருந்துமா?" என்று கேட்டேன். "நல்லா பொருந்துங்க" என்றார் கடைக்காரர். இரண்டையும் வாங்கினேன்.

பஸ்ஸில் ஏறியதும், மடவளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தோழி ரிஸ்னாவுக்குப் பெட்டிகளைப் பெருமையாகப் படமெடுத்து அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"பொருந்தும்தான். ஆனா இந்த போர்டுல ஓவர்க்ளொக் செய்ய ஏலாது. பெட்டியோட சீல உடைச்சிட்டீங்களா?"

நல்லவேளை, உடைக்கவில்லை. இறங்கி ஓடினேன். கடைக்காரர் வேறு போர்ட் மாற்றித் தந்தார். "நீங்க பொருந்துமான்னுதானே கேட்டீங்க?" என்றார்.

இப்போதெல்லாம் "ஓவர்க்ளொக் செய்ய விடுமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பொருத்தம் மட்டும் பார்த்தால் போதாது என்பது கல்யாண வீடியோக்காரனுக்கே தெரியாமல் போயிற்று!