நெப்ராஸ்காவில் எத்தனை கிணறு

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். முதலில் கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் கண்ணில் பட்டால்தான் தொண்டையில் காபி இறங்கும்.

எனக்கு வந்த வரன் பொம்மிடிப் பையன். கம்ப்யூட்டர் வேலை. இருப்பது அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில். உண்மையைச் சொன்னால், பையனைவிட எனக்கு நெப்ராஸ்காவைத்தான் பிடித்திருந்தது. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கிறேன். மாட்டுக்கே புல் கிடைக்காத ஊர்ப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நெப்ராஸ்காவின் பிரெய்ரி புல்வெளியைப் பாடம் நடத்துகிறேன். அதில் ஒரு தடவையாவது காலை வைத்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

அமெரிக்காவுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்க்க முடியுமா? அப்பாவும் பெரியப்பாவும் செல்போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து உட்கார்ந்தார்கள். திரை முழுக்கப் பச்சைப் பச்சையாய் வட்டங்கள்.

"அடேங்கப்பா! அத்தனையும் கெணறுங்களா?" என்றார் அப்பா.

"பாசி புடிச்சிருக்குது பாரு. வத்தாத கெணத்துலதான் இப்பிடிப் புடிக்கும்" என்றார் பெரியப்பா.

எங்கள் போர்வெல் குழாயில் வெறும் காற்று வந்துகொண்டிருந்த கோடை அது. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "முடிச்சிரலாங்கண்ணா" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்றால், புவியியல் டீச்சர் மட்டும் விதிவிலக்கா?

"அது கெணறு இல்லீங்கப்பா, மக்காச்சோளக் காடு. சக்கரம் வெச்ச பைப்பு சுத்திச் சுத்தித் தண்ணி தெளிக்குது, அதான் வட்டமாத் தெரியுது. பூமிக்கு அடியிலிருந்து உறிஞ்சற தண்ணிங்க. சில பக்கம் எறங்கிட்டே போவுது."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "அங்கயும் போருதானா?"

அத்தோடாவது விட்டேனா? மணி அடிக்காமல் எந்த வாத்தியார் பாடத்தை நிறுத்தியிருக்கிறார்? அந்த மண் பாவ்னி, ஒமாஹா போன்ற பூர்வகுடிகளுடையது என்றேன். அவர்களை ஓரங்கட்டிவிட்டு, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் இனாம் என்று சர்க்கார் சொன்னதும் ஜெர்மன்காரர்கள், செக் நாட்டவர்கள், சுவீடன்காரர்கள் எல்லாம் வந்து குடியேறிய வரலாற்றையும் சேர்த்து விளக்கினேன்.

பெரியப்பா செல்போனைக் கவிழ்த்து வைத்தார். "தண்ணியும் எறங்குது, நெலத்துலயும் வில்லங்கம். அங்க எதுக்குப் புள்ளயக் குடுக்கறது?"

வரன் போயிற்று. அன்று சாப்பிடாமல் படுத்து அழுதேன். பையனுக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா தலையைத் தடவிக் கொடுத்தார்.

போன மாதம் அப்பாவோடு சந்தைக்குப் போயிருந்தேன். எங்களுக்கு அப்புறம் அந்த நெப்ராஸ்காப் பையனுக்குப் பெண் கொடுத்தவர் தக்காளிக் கடையில் எதிர்ப்பட்டார். அப்பா மகளை விசாரித்தார்.

"நல்லா இருக்குதுங்க. எம்மவ ஊர்ல எங்க பாத்தாலும் கெணறுங்க. ஏரோப்ளேன்லிருந்தே தெரியுதாம்!"

அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னேன்: "ஆமாங்க. அத்தனையும் வத்தாத கெணறுங்க."